சீனியம்மாளுக்கு வேர்த்த நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. சின்ன வயதிலும் கிடையாது. எங்கள் அப்பா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர், வீடு முழுக்கக் குச்சிக் கட்டும் பசை நாற்றமும்தான், பேய் வந்தால்கூட உட்கார இடமிருக்காது என்று அம்மா சொல்லுவாள். அப்புறம் நான் படித்தது செல் உயிரியல். கண்ணால் பார்க்க முடியாததைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்றாலும், பார்த்ததைப் படம் பிடித்து நாலு பேருக்குக் காட்ட முடியாவிட்டால் அதைப் பார்த்ததாகவே கணக்கில் சேர்க்க மாட்டோம். இதைப் படம் பிடிக்கவில்லை. அதனால் நீங்கள் நம்பாமல் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கோவில்பட்டிக்கு வெளியே, நாலுவழிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற பல்கலைக்கழக வளாகத்தில் என் ஆய்வகம் இருக்கிறது. பெரிய ஆய்வகம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு அறை, நாலைந்து ஆராய்ச்சி மாணவர்கள், எப்போது வேண்டுமானாலும் போகும் கரண்டு. நாங்கள் பார்ப்பது ஒரு பரம்பரை நோயை. நாகலாபுரம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கால் தளர்ந்துபோகிறது. இருபது வயதுக்கு மேல் பாதம் தொங்க ஆரம்பிக்கும், தடுக்கி விழுவார்கள், நாற்பதுக்குள் கட்டிலோடு முடங்கிவிடுவார்கள். அந்தக் குடும்பத்தில் ஒரே ஒருத்தி மட்டும் முடங்கவில்லை. அவள்தான் சீனியம்மாள்.

அண்ணன் தம்பி எல்லோருக்கும் இருந்த அதே மரபணுப் பழுது சீனியம்மாளுக்கும் இருந்தது, சோதித்துப் பார்த்துவிட்டோம். ஆனால் அவள் மட்டும் நடந்தாள். நடந்தாள் என்றால் கோணல் நடைதான். தொங்குகிற பாதம் தரையில் உரசாமல் இருக்க முழங்காலை வரப்பைத் தாண்டுகிற மாதிரி உயரத் தூக்கி, நுனிவிரலை முதலில் ஊன்றி, இடது கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போவாள். அறுபது வயது தாண்டியும் மிளகாய்க் காட்டில் களை எடுத்தாள், பழம் பறித்தாள். ஏன் இவள் மட்டும் விழவில்லை? அதுதான் எங்கள் கேள்வி. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை நடக்கவிட்டு நான் எடுத்த வீடியோவை எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவள் கையிலிருந்து அரிசி அளவு தோலை எடுத்த அன்று பக்கத்தில் நான்தான் நின்றேன். பயப்படவே இல்லை. கேள்வியாகக் கேட்டாள்.

"இத எங்கன கொண்டுபோயி வைப்பீய டீச்சரம்மா?"

"அதுல இருந்து செல்லை வளர்த்து, ஐஸை விடக் குளிரா ஒரு பெட்டியில வைப்போம். அப்படியே வருஷக்கணக்கா கெடாம இருக்கும்."

"வருசக்கணக்காவா? நல்லதாப் போச்சு போங்க. இந்தக் கரிசக்காட்டு வெயில்ல பொறந்ததுல இருந்து வேகுதேன். நான் செத்த பெறவும் என் தோல்துண்டு ஒண்ணாவது குளுந்து கெடக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தாள். கிளம்பும்போது மட்டும் சிரிப்பு இல்லாமல், "எம்மவ தங்கம் ரெண்டு தடவ தடுக்கி விழுந்துட்டா. அவளுக்கும் கால் முடங்குமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். கட்டிலில் கிடக்கவில்லை, காட்டில் நடந்துகொண்டிருந்தபோதே போனாள்.

ஆக, சீனியம்மாள் என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது எங்களிடமிருந்த அந்தச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள்தான். அது போனால் அவள் ஏன் நடந்தாள் என்பதும் போயிற்று, தங்கத்துக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்காது. தங்கம் அப்போதே கல்யாணப் பேச்சையெல்லாம் நிறுத்தச் சொல்லியிருந்தாள். முடங்கப் போகிறவளை ஒருத்தன் தலையில் கட்டுவானேன் என்று அவள் எண்ணம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், சரஸ்வதி பூஜை சமயம். உங்கள் ஊர் ஆய்வகங்களில் எப்படியோ, எங்கள் ஊரில் லேத்துப் பட்டறைக்கு நடக்கிற பூஜை மைக்ராஸ்கோப்புக்கும் நடக்கும். விடுமுறைக்கு முந்தின நாளே அறையைக் கழுவித் துடைத்து, கருவிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, பொரி, கடலை, சுண்டலோடு பூஜை போட்டு, கருவிகளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மாணவர்கள் ஊருக்குப் போவார்கள். சனி, ஞாயிறும் சேர்ந்து வந்ததால் அந்த முறை நீளமான விடுமுறை. சீனியம்மாளின் குப்பிகள் வழக்கமாகத் திரவ நைட்ரஜன் ஊற்றிய கேனில்தான் இருக்கும், அந்தக் கேன் கசிகிறது என்று ரிப்பேருக்குப் போயிருந்ததால் தற்காலிகமாக டீப் ஃப்ரீசருக்கு மாற்றியிருந்தோம். நான் பூஜையில் பொரியைத் தின்றுவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் விளாத்திகுளத்தில் இருக்கிற மதினியைப் பார்க்கப் புறப்பட்டேன். காரை வீட்டுக்காரர் எடுத்துப் போயிருந்தார், பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உச்சிப்பொழுது. புரட்டாசி வெயிலைப் பற்றிக் கரிசல்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கம்பியில் கை வைக்க முடியாது. பஸ் கிளம்புகிற நேரத்தில் ஒரு அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. வெயிலுக்காக முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டிருந்தது, நான் போனில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறோம்? பூண்டு வாடை மட்டும் லேசாக அடித்தது. சந்தைக்குப் போய்விட்டு வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டயபுரம் தாண்டினதும் அந்த அம்மா பேச ஆரம்பித்தது.

"டீச்சரம்மா, அந்தக் கண்ணாடியச் செத்தத் தெறந்து விடுங்க. வேக்காடு தாங்கல."

"திறந்துதாம்மா இருக்கு."

"காத்தே வரலியே. நேத்துல இருந்து கரண்டு வேற இல்ல."

"எந்த ஊர்ல?"

"நான் இருக்க எடத்துலதான்."

"லைன்மேன்கிட்டச் சொன்னீங்களா?"

"உங்ககிட்டத்தான சொல்லணும்."

எங்கள் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்டுக் கைப்பை வைத்திருந்தால் அவள் டீச்சரம்மா, இல்லாவிட்டால் ஆபீசரம்மா. ரேஷன் கார்டு கிடைக்கவில்லை என்றுகூட என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். அதனால் நான் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சரிம்மா, பார்ப்போம்" என்றேன். அந்த அம்மாவின் கையிலிருந்து வேர்வை என் பையின் மேல் சொட்டியது, ஒரு சொட்டு என் மணிக்கட்டில் பட்டது. ஜில்லென்று இருந்தது. அந்த வெயிலில் வேர்வை எப்படி ஜில்லென்று இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள், சுகமாக இருந்தது என்றுதான் தோன்றியது.

அடுத்த நிறுத்தத்துக்கு விசில் அடித்தார்கள். அந்த அம்மா எழுந்து, "நான் ஒரு எட்டு வீட்டுக்குப் போயி மவளப் பாத்துட்டு வந்திருதேன். அதுக்குள்ள நீங்க பாத்து வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கியது. பஸ் நகர்ந்த பிறகுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உழுது போட்ட கரிசல் நிலத்துக்குள் முழங்காலை உயரத் தூக்கி, நுனிவிரலை முதலில் ஊன்றி, இடது கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அது போய்க்கொண்டிருந்தது.

எனக்குப் பயம் வந்தது என்று நினைக்கிறீர்களா? சந்தோஷம் வந்தது. அந்தக் குடும்பத்தில் நடக்கிற இன்னொருத்தி இருக்கிறாள், நமக்குத் தெரியாமலே போய்விட்டதே, சொந்தக்காரி யாரோ என்றுதான் என் புத்தி ஓடியது. எழுந்து கத்தினேன்.

"அண்ணாச்சி, நிப்பாட்டுங்க! இறங்கணும்!"

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த உச்சி வெயில்ல இங்கன எறங்கி எங்க போவிய? ஊரே உள்ள தள்ளில்லா இருக்கு."

"இப்ப ஒரு அம்மா இறங்கினாங்களே, அவங்களைப் பார்க்கணும்."

"கோயில்பட்டியில ஏறுன அம்மாவா? அவிய வேகமாப் போயிருவாவ, நீங்க பிடிக்க மாட்டிய" என்று சொல்லிக்கொண்டே நிறுத்தினார்.

ஆமாம், கண்டக்டரும் பார்த்தார். டிக்கெட் கொடுத்தவரே அவர்தான். என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது என்ற கதை இல்லை இது.

திரும்பி ஓட்டமும் நடையுமாக அந்த நிறுத்தத்துக்கு வந்தேன். இரண்டு பக்கமும் விதைப்புக்கு உழுது போட்ட நிலம், மழைக்குக் காத்துக்கொண்டு கன்னங்கரேலென்று அடிவானம் வரைக்கும் கிடந்தது. ஒளிய ஒரு உடைமரம்கூடக் கிடையாது. ஆளைக் காணோம். என்னதான் வேகமாக நடந்தாலும் அதற்குள் அவ்வளவு தூரம் யாரும் போய்விட முடியாது. அங்கேயே வெயிலில் நின்று தங்கத்துக்குப் போன் போட்டேன், எட்டயபுரம் பக்கம் உங்கள் சொந்தத்தில் அம்மா மாதிரி நடக்கிறவர் யாராவது உண்டா என்று கேட்டேன்.

"அப்பிடி நடக்கது எங்கம்மா மட்டுந்தான டீச்சரம்மா. வேற யாரு இருக்கா எங்க வகையில? ஏன் கேக்கிய?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அந்தப் பேச்சு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. வேக்காடு. நேற்றிலிருந்து கரண்டு இல்லை. நான் இருக்கிற இடத்தில். உங்களிடம்தானே சொல்ல வேண்டும். என் முதுகில் வேர்வை அப்படியே நின்றுபோனது. உனக்கு வெயில் ஏறிவிட்டது, பேசாமல் மதினி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு என்று அறிவு சொன்னது. கால் சாலையைக் கடந்து கோவில்பட்டி போகிற பஸ்ஸுக்குக் கை காட்டியது.

வளாகத்து வாட்ச்மேன், "பூச லீவுலயும் வாரியளே டீச்சர், நேத்து வச்ச சுண்டல் மிச்சம் இருக்குன்னு யாராவது சொன்னாவளா?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே கேட்டைத் திறந்தார். நான் உள்ளே ஓடினேன். ஆய்வகக் கதவைத் திறந்ததும் என் கண்ணில் பட்டது சரஸ்வதி படம். படத்தைச் சுற்றி சீரியல் செட் சிவப்பும் பச்சையுமாக ஜோராக மின்னிக்கொண்டிருந்தது. அதன் வயரைக் கண்ணாலேயே தொடர்ந்து போனேன். டீப் ஃப்ரீசரின் ப்ளக் இருக்க வேண்டிய இடத்தில் சீரியல் செட்டின் ப்ளக் இருந்தது. ஃப்ரீசரின் ப்ளக் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு தரையில் கிடந்தது. கரண்டு போனால் கத்த வேண்டிய அலாரத்தின் பேட்டரி என்றைக்கோ செத்திருந்தது.

கதவைத் திறந்தால் உள்ளே உறைபனியெல்லாம் ஈரமாகி வேர்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டது. சீனியம்மாளின் பெட்டி அடித்தட்டில், பின்னால், மற்ற பெட்டிகளுக்கு நடுவே இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன், குப்பிகள் ஓரத்தில் கண்ணாடி மாதிரி தெளிய ஆரம்பித்திருந்தன, நடுவில் இன்னும் வெள்ளையாக உறைந்திருந்தன. விடுமுறை முடிந்து நாங்கள் திரும்பி வரும்வரை விட்டிருந்தால் குழாய்த் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்திருக்காது.

பாதி இளகியதை மறுபடி உறைய வைத்தால் செல்கள் செத்துவிடும். அப்போதே முழுசாக இளக்கி உணவு ஊற்றி வளர்த்தாக வேண்டும். கருவியைத் தொடக் கூடாத நாளில், மாலை போட்டு உட்கார்ந்திருந்த கருவிகளை எல்லாம் ஒவ்வொன்றாக எழுப்பினேன். தாயே, படிக்கக் கூடாத நாள்தான், இவளை மட்டும் காப்பாற்றிக் கொடு, நாளைக்கு உனக்கு வடை மாலையே சாத்துகிறேன் என்று படத்தைப் பார்த்து நான் வாய்விட்டுச் சொன்னேன். வடை மாலை அனுமாருக்கு என்பதுகூட அந்த நேரத்தில் ஞாபகமில்லை. செல்களைத் தட்டில் ஊற்றி இன்குபேட்டரில் வைத்துவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மதினி போன் மேல் போன் போட்டுத் திட்டினாள்.

மறுநாள் காலையில் தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பெரும்பாலானவை செத்து மிதந்தன. நகர்த்திக்கொண்டே போனேன். ஒரு ஓரத்தில், தட்டின் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் நீட்டின மாதிரி நீண்டு கிடந்தது ஒரு செல். அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. அந்தப் பக்கம் ஒரு கூட்டமே இருந்தது. உயிரோடு இருந்தாள். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நிமிர்ந்தபோது கதவருகே என் மாணவி கார்த்திகா நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி நான் அனுப்பிய மெசேஜைப் பார்த்துவிட்டுக் குளத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். சீரியல் செட்டைச் சொருகியது அவள்தான். பூஜை முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள், ஆரத்தி, போட்டோ, பொரிப் பொட்டலம், ஊருக்குப் போகிற அவசரம், மறந்தே போயிற்று. அவளுடைய ஆராய்ச்சிப் பட்டமே அந்தக் குப்பிகளை நம்பித்தான் இருந்தது.

"மேம், என்னைய ஏதாவது சொல்லி ஏசுங்க மேம்" என்று அவள் அழுதாள்.

"ஏட்டி, வந்து பாரு முதல்ல" என்று அவளை இழுத்து உட்காரவைத்தேன். அவள் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, அழுகையோடு சிரித்தாள். மைக்ராஸ்கோப்புக்கு வைத்திருந்த குங்குமம் என் நெற்றியில் அப்பியிருந்ததாம்.

அந்தச் செல்களை வளர்த்துப் பெருக்கி, கார்த்திகா ஒன்றரை வருடம் கண் துஞ்சாமல் உழைத்து, விடையைக் கண்டுபிடித்தாள். பழுதான மரபணு செய்ய வேண்டிய வேலையைச் சீனியம்மாளின் உடம்பு வேறொரு வழியாகச் செய்து ஈடுகட்டியிருக்கிறது. அந்த வழி மூடியிருந்ததால்தான் அவள் அண்ணன் தம்பிகள் முடங்கினார்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு தங்கத்தின் செல்களில் தேடினோம். அம்மாவிடமிருந்து அந்த வழியும் அவளுக்கு வந்திருந்தது. கோணல் நடை வரும், விழாமல் பழகிக்கொள்ள வேண்டும், ஆனால் அம்மாவைப் போல அவளும் நடந்துகொண்டே இருக்க வாய்ப்பு நிறைய உண்டு. இதை அவளிடம் சொல்வதற்காக ஆய்வகத்துக்கு வரச்சொன்னேன். நான் என் வாழ்க்கையில் செய்த வேலைக்கெல்லாம் கூலி அன்றைக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். தங்கம் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நன்றியை என்னிடம் சொல்லாதே, உன் அம்மாவிடம் சொல் என்றேன். அவள் நான் ஏதோ உபசாரத்துக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டாள். பஸ்ஸில் நடந்ததை நான் அவளிடம் சொன்னதில்லை, அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மாவின் செல்லைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கார்த்திகா அப்போதுதான் அவளுக்குக் காட்ட ஒரு குப்பியை இளக்கித் திறந்துகொண்டிருந்தாள். உறையும்போது செல் உடைந்துபோகாமலிருக்க ஒரு திரவம் சேர்ப்போம், அதற்குப் பூண்டு மாதிரி ஒரு வாடை உண்டு. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மூக்குக்குப் பழகிப்போன வாடை, பழகிப்போனதாலேயே பஸ்ஸில் அதை இன்னதென்று கண்டுகொள்ளாமல் வெறும் பூண்டு என்று விட்டுவிட்டேன். அதுவரைக்கும் எனக்கு அந்த ஞாபகமே வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். தங்கம்தான் மூக்கைச் சுருக்கினாள்.

"இது என்ன வாடை டீச்சரம்மா? ஒரு தடவ எங்க வீட்டுல அடிச்சுது."

"உங்க வீட்லயா? பூண்டு வாடையா இருக்கும்மா."

"இல்ல, பூண்டுன்னா எனக்குத் தெரியாதா? இதே வாடதான். ரெண்டு வருசத்துக்கு முந்தி, சரஸ்வதி பூச அன்னைக்கு மத்தியானம். நீங்க எனக்குப் போன் போட்டிய பாத்தியளா, யாரு அம்மா மாதிரி நடக்கான்னு? வச்சிட்டுத் திரும்புனா அடுப்பங்கரையில இந்த வாட. தரையெல்லாம் சொட்டுச் சொட்டாத் தண்ணி. கூரை ஒழுகுதோன்னு பாத்தேன், அந்த வெயில்ல எங்கன ஒழுகும்? தொட்டா ஐஸு மாதிரி இருந்துச்சு."

கார்த்திகா குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மகளைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். பார்த்துவிட்டாள்.

வெயில் ஏறிவிட்டது என்கிறீர்களா, மூளை செய்த வேலை என்கிறீர்களா, கண்டக்டர் வேறு யாரையோ சொன்னார் என்கிறீர்களா, சொல்லிக்கொள்ளுங்கள். நானும் எனக்கு இதையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எனக்கு அவளிடம் பயமில்லை, தீராத நன்றிதான் இருக்கிறது. இப்போதெல்லாம் சரஸ்வதி பூஜைக்கு எல்லாக் கருவிக்கும் ஓய்வு கொடுக்கிறோம், ஃப்ரீசருக்கு மட்டும் கிடையாது, அதன் ப்ளக்கைச் சுற்றி கார்த்திகா டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். சீனியம்மாள் புதுக் கேனுக்குள் குளிர்ந்து கிடக்கிறாள். அன்றைக்கு அவள் வேர்வை சொட்டிய பையைத் துவைக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். மற்ற நாளில் ஒன்றுமில்லை. கோவில்பட்டியில் மத்தியானம் கரண்டு போகிறபோதெல்லாம் பீரோவுக்குள்ளிருந்து அந்த வாடை வருகிறது. வந்த உடனே நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குக் கிளம்பிவிடுவேன்.